பெங்குராய் என்றால் மேனேஜர்

மேடையில் நிற்பவனுக்கு வாயில் வராத ஒரே வார்த்தை 'தெரியாது'. கீழே உட்கார்ந்திருக்கும்போது அதே வார்த்தை எவ்வளவு சுலபமாக வருகிறது! இதை நான் கிள்ளானில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், ஒரு மண்டபம் நிறைய மாணவர்களுக்கு முன்னால் நின்று கற்றுக்கொண்டேன். (அவர்கள் என்னிடம் கற்றுக்கொண்டது வேறு.)

எண்பதுகளின் நடுப்பகுதி. பிரிக்பீல்ட்ஸில் வாடகை அறை, ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா. ஓய்வு நேரத்தில் பயனீட்டாளர் சங்கம் ஒன்றின் பேச்சாளர். காசு கொடுத்துப் பொருள் வாங்குகிற அத்தனை பேரையும் கடைக்காரர்களிடமிருந்து காப்பாற்றும் பொறுப்பு என் தலையில் இறங்கியிருப்பதாக நம்பினேன். மீசையையும் அதற்குத் தோதாக வளர்த்திருந்தேன்.

கிள்ளான் இளைஞர் மன்றம் ஒன்றின் செயலாளர் சிவலிங்கம் போன் செய்தார். "தம்பி, ஞாயித்துக்கிழமை நம்ம மாதர் பிரிவுக்கு பெங்குனா பத்திப் பேசணும். வந்துருங்க லா." பயனீட்டாளருக்கு மலாயில் பெங்குனா. அதற்கு வேறு அர்த்தமும் உண்டு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

பஸ் தாமதம். மன்றத்தின் மாடிக் கட்டடத்துக்கு ஓடினேன். படிக்கட்டருகே நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவரைக் கேட்டேன்.

"அண்ணே, பெங்குனா பேச்சு எங்க?"

"மேல. சீக்கிரம் போங்க, காத்துக்கிட்டு இருக்காங்க."

மேலே பதினேழு வயதுப் பிள்ளைகள். பாதிப் பேருக்கு அரும்புமீசை. மாதர்களுக்கு வீட்டில் வேலை, பிள்ளைகளை அனுப்பியிருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள் எழுந்து வந்தார். "சார், நாங்க செமினியிலேருந்து பஸ் மாறி மாறி வர்றோம். இவளுக்கு எஸ்.பி.எம். பரீட்சை நெருங்கிருச்சு. கொஞ்சம் நல்லா சொல்லிக் குடுங்க." பக்கத்தில் மகள் கலைச்செல்வி, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு. பயனீட்டாளர் உரிமை கடைசியில் பரீட்சைக்கே வந்துவிட்டது, நாடு முன்னேறுகிறது என்று பூரித்துப்போனேன்.

பையிலிருந்து நசுங்கிய பால் டின் ஒன்றை எடுத்துத் தூக்கிக் காட்டினேன். "பெங்குனாவோட முதல் கடமை, டின் நசுங்கியிருக்கான்னு பாக்கிறது!" அத்தனை பேரும் எழுதினார்கள். என் பேச்சை அதுவரை யாரும் எழுதியதில்லை. கொட்டாவி விடாமல் கேட்டதே அபூர்வம்.

கலைச்செல்வி கை தூக்கினாள். "சார், பெங்குனா பிரைமர் யாரு?"

முதல்நிலைப் பயனீட்டாளர். நியாயமான கேள்வி. "குடும்பத் தலைவி. அவங்கதான் முதல்ல சாமான் வாங்கப் பாசாருக்குப் போறாங்க."

"அப்ப ரெண்டாவது நிலை, பெங்குனா செகுண்டர்?"

"வீட்டுக்காரர்."

அவள் எழுதிவிட்டுத் தயங்கினாள். "அவரு பிரைமரைச் சாப்பிட்டுருவாரா சார்?"

"சமைச்சு வச்சதைச் சாப்பிடுவாரு," என்றேன். பிள்ளைகளைக் கூட்டி வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பாக்கள் சிரித்தார்கள். என் நகைச்சுவைக்குக் கிடைத்த வரவேற்பு என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு பையன் எழுந்தான். "சார், உற்பத்தி பண்றது யாரு?"

"ஃபேக்டரிதான். தெலுக் பங்லிமா காராங் போய்ப் பாருங்க, வரிசையா நிக்கும்."

"அதுல குளோரோஃபில் இருக்குமா சார்?"

"எல்லாக் கெமிக்கலும் இருக்கும். அதைத்தான் நாம தட்டிக் கேக்கணும்!"

கரும்பலகையில் எல்லாவற்றையும் எழுதிப்போட்டேன். கடைசியாகக் கலைச்செல்வி கேட்டாள்: "பெங்குராய்?"

அந்த வார்த்தையை நான் கேள்விப்பட்டதே இல்லை. மேனேஜருக்கு மலாயில் பெங்குருஸ். பிள்ளை வாய் தவறிச் சொல்கிறது என்று நினைத்தேன். "பெங்குராய்னா மேனேஜர். எல்லாம் முடிஞ்சு கடைசியா அவர்கிட்டதான் போய்ச் சேரும். அவரு அதைப் பிரிச்சுப் பிரிச்சுத் திரும்பக் கீழே அனுப்புவாரு. அவரு இல்லேன்னா எல்லாம் தேங்கி நாறிப் போயிரும்."

"இப்பப் புரிஞ்சிருச்சு சார்," என்றாள். அவள் ஒருத்திக்குத்தான் முகம் தெளிந்தது.

அப்போது மாதர் பிரிவுத் தலைவி மூச்சு வாங்க மேலே வந்தார். "சிவலிங்கம் எங்க? கீழே ஒரு டீச்சர் எங்களைப் புலி, பாம்போட சேத்துப் பேசுறாங்க! பச்சை இலை மட்டும்தான் சாப்பாடு தயாரிக்குதாம். அப்ப விடியக் காலையில எழுந்து நாங்க செய்யிறது என்னவாம்?"

பின்னாலேயே அந்த டீச்சரும் வந்தார். மகேஸ்வரி, உயிரியல் ஆசிரியை, யாழ்ப்பாணக் குடும்பம். கையில் வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு என்று வரிசையாக வரைந்த படம். உயிரியலில் பெங்குனா என்றால் இன்னொன்றைத் தின்று வாழும் உயிராம். ஒரே தலைப்பில் இரண்டு பேச்சு. மேலே உயிரியல் வகுப்பு, கீழே மாதர் பிரிவு. நாங்கள் இருவரும் இடம் மாறியிருந்தோம். அவர் கரும்பலகையைப் படித்தார்.

"இதை ஆர் எழுதினது?"

"நான்தான்."

"நீங்கள் எந்தப் பள்ளிக்கூடம்?"

"கப்பல் கம்பெனி."

செமினி அம்மாள் மெதுவாகக் கேட்டார்: "அப்ப இவ்வளவு நேரம் எழுதினதெல்லாம்?"

"கிழிச்சுப் போடுங்கோ," என்றார் டீச்சர்.

மண்டபம் முழுக்கத் தாள் கிழியும் சத்தம். அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. மகளின் நோட்டை வாங்கி, கோணாமல், ஓரம் பார்த்துத் தானே கிழித்தார். திட்டியிருக்கலாம்.

பால் டின்னோடு கீழே போனேன். மாதர்கள் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "டின்னு வாங்க எங்களுக்குத் தெரியும் தம்பி. டீச்சர் பாதியில விட்டுட்டுப் போயிட்டாங்க. அந்தப் பாம்பை யாரு சாப்பிடுறது?"

"கழுகு," என்றேன். அன்று நான் சொன்ன முதல் சரியான பதில்.

திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் மகேஸ்வரி டீச்சர் நின்றிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். பெங்குராய் என்பது செத்ததை மட்கவைக்கும் காளானும் கிருமியும் என்று விளக்கினார். பிறகு அவரே, "உங்கட பெங்குனா காசு குடுத்து வாங்குறார். எங்கட பெங்குனா ஒண்டும் குடுக்கிறதில்லை. கடைசியில தன்னையே குடுக்கிறார், அவ்வளவுதான்," என்றார்.

அந்த வருடம் பரீட்சையில் பெங்குராய் பற்றிக் கேள்வி வந்ததாம். மேனேஜரை எடுத்துவிட்டுக் காளானைப் போட்டேன், மற்றதெல்லாம் சார் சொன்னதுதான் என்று கலைச்செல்வி சிவலிங்கத்திடம் சொல்லியிருக்கிறாள். அவர் என் கல்யாணத்துக்கு வந்து, மைக்கைப் பிடித்து, முழுக் கதையையும் சபையில் வைத்துவிட்டார். அன்றிலிருந்து என் மனைவி வீட்டாருக்கு நான் மாப்பிள்ளை இல்லை, பெங்குராய்.

விதி அதோடு விடவில்லை. கம்பெனியில் மேனேஜராகவே ஆனேன். ஓய்வுபெற்ற அன்று மகள் கேக் வாங்கி வந்தாள், மேலே க்ரீமில் பெங்குராய் என்று எழுதி. கடையில் இருந்த மலாய்க்கார அக்கா, "இப்படி ஒரு பதவியா?" என்று கேட்டாராம்.

"ஆமாக்கா," என்றாளாம் இவள். "எங்க அப்பா ஒரு ஆபீஸையே மட்க வச்சிருக்காரு."