எழுபத்திரண்டு படிகள்

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் எழுதுவது. நலம் விசாரிப்பதைக் கடைசிக்கு ஒதுக்கியிருக்கிறேன், செய்தி அப்படிப்பட்டது. இன்று காலை ஏழு பத்துக்கு உங்கள் அக்கா, ஒரு கையில் காய்கறிப் பையும் மறு கையில் ஐந்து கிலோ மாவுப் பையுமாக, எங்கள் வீட்டு எழுபத்திரண்டு படிகளையும் ஓரிடத்திலும் நிற்காமல் ஏறி நான்காவது மாடியை அடைந்தாள். ஆதாரம்: நேரில் கண்ட நான். மூன்றாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பற்றியபடி பார்த்தேன்.

பின்னணி உங்களுக்குத் தெரியும். லிஃப்ட் நின்று ஓராண்டாகிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் நின்றுவிடுவாள். ஒரு நாள் செருப்பு வார், ஒரு நாள் ஜன்னலில் தெரியும் மேகம், ஒரு நாள் சுவரில் உரிந்த பெயிண்ட். பாவம், மூச்சு வாங்குவதை மறைக்கிறாள் என்று நானும் நிற்பேன். அவள் உடம்பை உத்தேசித்து வீட்டைக் காலி செய்து தரைத்தளமாகப் பார்க்கலாம் என்றேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தையல் மெஷினுக்கு அந்த ஜன்னல் வெளிச்சம் வேறெங்கே கிடைக்கும்? நான் காலி செய்வதாகச் சொல்லிவைத்திருந்த வீட்டுக்காரரிடம் கெஞ்சி, முடிவு சொல்ல ஆறு வாரத் தவணை வாங்கினாள். அது இந்த ஞாயிறோடு முடிகிறது.

அப்போதுதான் பிசியோதெரபிஸ்ட்டான நீங்கள் அன்றாடம் செய்ய வேண்டியவற்றை எழுதி அனுப்பிய தாள் வந்தது. அவளே வாசித்துக் காட்டினாள். "தனியாச் செய்யச் சோம்பலா இருக்குங்க, நீங்களும் துணைக்கு வாங்களேன்" என்றாள். துணைக்குத்தானே என்று இறங்கினேன். எழுந்ததும் தண்ணீர் என்றால் அவள் ஒரு தம்ளர் குடிப்பாள். அவளை உற்சாகப்படுத்த நான் ஒரு பாட்டிலையே காலி செய்வேன், விளைவாகக் குடிநீர்த் திட்டம் பற்றிய செய்தியாளர் கூட்டத்திலிருந்து மூன்று முறை எழுந்து ஓட, அதிகாரி அதை வெளிநடப்பு என்று பயந்து, கேட்காமலே ஒரு குறையை ஒப்புக்கொண்டார், மறுநாள் அதுதான் முதல் பக்கம். மதியத்துக்கு மேல் டீ கிடையாது என்றானதும் நாலாம் நாள் தலைவலியில் பட்ஜெட் செய்திக்கு மழைச் செய்தியின் தலைப்பைப் போட்டுவிட்டேன், ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. சாப்பிட்டதும் நடக்கப் போனால் இவள் முன்னே பறக்க, நான் பின்னே தொங்கோட்டம் ஓட, இரண்டாம் மாடிப் பல் டாக்டர் மறித்து, "என்ன சார், வீட்டுல சண்டையா? சமாதானம் பேச நான் வரட்டுமா?" என்கிறார்.

ஆனால் இன்று பார்த்ததைச் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. முப்பத்தொரு வருடத் தொழிலில் வெள்ளம் வடிவதையும் பாலம் திறப்பதையும் எழுதியவன் நான். தலைக்கு மேலே அந்தச் செருப்புச் சத்தம் தாளம் தப்பாமல் ஏறிப் போனபோது அண்ணாந்து படிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நேரத்துக்குத் தூக்கம், காலை வெயில், கொஞ்சம் நடை. இவ்வளவுதானா! இவ்வளவில் ஒரு மனுஷிக்குச் சிறகு முளைக்குமா!

அங்கே எல்லாரும் சுகம்தானே? உங்கள் கைபட்ட நோயாளிகள் எல்லாம் இப்படியே படியேறட்டும். குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: மேலே உள்ள அனைத்துக்கும் திருத்தம். உறையில் போடுமுன் உங்கள் அக்கா கடிதத்தைப் படித்துவிட்டாள்.

"எனக்கா மூச்சு வாங்குச்சு? நல்லா இருக்கே கதை! நீங்கதான் ஒவ்வொரு மாடியிலும் துருத்தி மாதிரி இரைச்சீங்க. நிப்போமான்னு கேட்டா ரோஷம் பொத்துக்கிட்டு வரும். அதான் செருப்பு வாரு, மேகம் எல்லாம்."

"அப்போ இன்னைக்கு ஏன் நிக்கல?"

"நீங்க நிக்கலையே! மூணு மாடியும் வாய் ஓயாம பேசிக்கிட்டே வந்தீங்க. ஊர் சேதி எல்லாம் தெரியுது, இது தெரியலையா?"

தையல் பெட்டியிலிருந்து உங்கள் தாளை எடுத்துக் காட்டினாள். உச்சியில் உங்கள் கையெழுத்து: 'அத்தானுக்கு மட்டும்.'

வீட்டுக்காரருக்கான பதில் ஞாயிறு மாலை. மூன்றாவது மாடிக்கு மேல் எனக்கு மிச்சமிருக்கும் பதினெட்டுப் படிகளின் நிலவரம் நாளைக் காலை ஏழு மணிக்குத் தெரியும்.