ஆராய்ச்சி என்னைப் பற்றித்தானாம்

சான் ஹொசே,
திங்கட்கிழமை

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் தோவான் அவர்களுக்கு,

தங்கை வீட்டுக்காரன் கியெம் பணிவுடன் எழுதுவது. கான்தோவில் நீங்களும் அக்காவும் பேரப்பிள்ளைகளும் சௌக்கியம்தானே? இங்கே உங்கள் தங்கை லியெனும் நானும் நலம். விமான டிக்கெட் எடுக்கப் போகிறீர்களாம். வேண்டாம். இந்த வயதில் எதற்கு அலைச்சல்?

மறதி நோய்க்காரர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் நம்ம வியட்நாம் ஆட்களைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாம், இதுவரை வெள்ளைக்காரர்களை மட்டும்தான் கேட்டார்களாம், கோயிலில் என்னைப் பிடித்துப் பெயர் கொடுக்க வைத்துவிட்டார்கள். லியெனுக்குப் பரீட்சை வைப்பார்கள், தேறாவிட்டால் முதியோர் விடுதிக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயத்தில், காலையெல்லாம் உட்காரவைத்து இது என்ன மாதம், என்ன ஊர் என்று சொல்லிக்கொடுத்தேன். அவளும் நல்ல பிள்ளையாய் ஒப்பித்தாள். அப்புறம் தூயென் என்கிற பெண் வந்தது. இங்கேயே பிறந்த பிள்ளை, நம்ம பாஷையைப் பல்லில் கல் சிக்கின மாதிரி பேசும். லியென் அதைப் பார்த்ததும் பையனுக்குப் பெண் வந்திருக்கிறது என்று முடிவுகட்டி, ஆரஞ்சு உரித்துக் கொடுத்துச் சமைக்கத் தெரியுமா என்று விசாரிக்கிறாள். பையனுக்குக் கல்யாணமாகி ரெண்டு பிள்ளை இருக்குன்னு நான் சொன்னா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களான்னு என்னைத் திட்டறா.

கடைசியில் அந்தப் பெண், "ராத்திரி தூக்கம் வருதா பெரியப்பா?" என்று கேட்டது. நல்லாத் தூங்கறா என்றேன். "அவங்களை இல்ல, உங்களைத்தான் கேக்கறேன். இந்த ஆராய்ச்சியே உங்களைப் பத்தித்தான்" என்றது. சுமையா இருக்கா என்றது. மூட்டை எதுவும் தூக்கறதில்லையேம்மா என்றேன். அது சிரிக்கவில்லை. "உங்களுக்கு எப்படி இருக்குன்னு யாராவது கேக்கறாங்களா?" என்றது. பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன் மச்சான், அழுகை வந்துடுச்சு, பரீட்சையில் நான் ஃபெயில்.

லியென் என் கையில் ஒரு சுளையை வைத்துவிட்டு அந்தப் பெண்ணிடம் மெதுவாகச் சொன்னாள்: "யாரோ பாவம், வீட்டு நெனப்பு வந்துடுச்சு போல. ஊர்ல இவருக்குன்னு யாராவது இருந்தா சொல்லி அனுப்பும்மா."

மற்றபடி எல்லாம் நலம். வீட்டில் முன்னோர் படங்களுக்கு என் பேரில் ஊதுவத்தி ஏற்றுங்கள். பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் இருக்கட்டும்.

வணக்கத்துடன்,
கியெம்

பி.கு.: டிக்கெட் வேண்டாமென்று மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். வாங்க மச்சான். அவளைப் பார்க்க இல்லை, அவளுக்கு உங்களைத் தெரியப்போவதில்லை. என்னைப் பார்க்க வாங்க.