பெரியப்பாவின் தோளுக்கு அப்பால் ஒரு கை

இருபத்தாறு வயதில் என் கையால் வெளியே போன எந்த எழுத்தும் நிழல் இல்லாமல் போனதில்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அப்போது நான் திருகோணமலையில் ஒரு சிறிய வாரப் பத்திரிகையில் பக்கம் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். (பத்திரிகை இப்போது இல்லை. அதற்கும் உமக்கும் தொடர்பில்லை என்று ஆசிரியர் என்னிடம் சொன்னார். மற்றவர்களிடம் என்ன சொன்னார் என்று தெரியாது.) கொம்பியூட்டரில் ‘ட்ரொப் ஷடோ’ என்று ஒரு வசதி உண்டு. படத்துக்கோ எழுத்துக்கோ பின்னால் பொய்யாக ஒரு நிழலை விழுத்தும். எந்தக் கோணத்தில் விழ வேண்டும், எவ்வளவு தள்ளி விழ வேண்டும், எவ்வளவு பரவ வேண்டும், எவ்வளவு கறுப்பாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் கூட்டிக் குறைக்கலாம். நான் கூட்டுவேன். குறைத்ததாக ஞாபகம் இல்லை.

“தம்பி, மீன் விலைப் பட்டியலுக்கும் நிழல் போட்டிருக்கிறீர்” என்றார் ஆசிரியர் ஒருநாள். “மீனை வெயில்லயே வைச்சு விக்கினம்?”

நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அந்த வருடம் பெரியப்பா இறந்தார். அப்பாவின் ஒரே அண்ணன். இருவரும் ஒரு காலத்தில் மூதூருக்கு ஓடிய லாஞ்சுப் படகில் வேலை செய்தவர்கள். பெரியப்பா சுக்கான் பிடிப்பார், அப்பா கயிறு பார்ப்பார். ஒருநாள் இறங்குதுறையில் கட்டும்போது கயிறு இறுகி அப்பாவின் வலது கை மோதிரவிரலில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. பெரியப்பா தன் சாரத்தைக் கிழித்துக் கையைச் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அம்மா அப்போது என்னை வயிற்றில் வைத்துக்கொண்டு படுத்த படுக்கை. ஆகவே கட்டு அவிழ்க்கும்வரை அப்பாவுக்கு வாயில் சோறு தீத்தியது பெரியம்மா.

இப்படிப்பட்ட இரண்டு வீடுகள் ஒரு கலியாணக் கார்டால் பிரிந்தன. பெரியப்பாவின் மகள் சுகந்தி அக்காவின் கலியாணக் கார்டில் உறவினர் பெயர்கள் வரிசையாக இருந்தன, அப்பாவின் பெயர் மட்டும் இல்லை. அச்சகத்தின் பிழை என்றார் பெரியப்பா. “மற்ற இருபத்திரண்டு பேருக்கும் பிழை வரேல்லையே” என்றார் அப்பா. வேறு கார்டு அடித்துத் தரச் சொன்னார். பெரியப்பா அடிக்கவில்லை. அப்பா கலியாணத்துக்குப் போகவில்லை. அதன்பின் ஒன்பது வருடம் இரண்டு வீட்டுக்கும் கதை பேச்சு இல்லை.

செத்தவீட்டன்று அப்பா, பெரியப்பாவின் வீடு இருந்த உப்புவெளிக்குப் போனார். வீட்டுக்குள் போகவில்லை. ஒருவரும் கூப்பிடவும் இல்லை. தெருவுக்கு அந்தப் பக்கம் சைக்கிளைப் பிடித்தபடி நின்று, பெட்டி போனதும் திரும்பி வந்தார்.

இரண்டு கிழமை கழித்துச் சுகந்தி அக்கா என் அலுவலகத்துக்கு வந்தாள்.

“தம்பி, அம்மாட்ட ஒருமாதிரிக் கதைச்சு வைச்சிருக்கிறன். முப்பத்தோராம் நாள் காரியத்துக்குக் கட்டுற பனர் நீ செய். வடிவாச் செய்து குடுத்தா, சித்தப்பாவும் வந்து ஒருவாய் சாப்பிட்டிட்டுப் போகட்டும் எண்டவ.”

“படம் இருக்கோ அக்கா?”

“அடையாள அட்டைப் படம் இருக்கு. அதில அப்பா பொலிஸ் தேடுற ஆள் மாதிரி. மற்றது இது ஒண்டுதான்.”

சாம்பல்தீவில் யாரோ ஒருவரின் கலியாணத்தில் எடுத்த படம். கார்டுச் சண்டைக்கு முந்தியது. பெரியப்பா சிரித்துக்கொண்டு நின்றார். அவருக்கு இடப்பக்கம் அப்பா. அப்பாவின் வலது கை பெரியப்பாவின் கழுத்துக்குப் பின்னால் போய், மறுதோளுக்கு அப்பால் வெளியே வந்து, படம் பிடித்தவருக்கோ வேறு யாருக்கோ விரல்களை விரித்துக் கை காட்டிக்கொண்டிருந்தது. நான்கரை விரல்கள்.

“அம்மா ஒண்டு சொன்னவ” என்றாள் அக்கா. “அவர் மட்டும் போதுமாம். பக்கத்தில நிக்கிற ஆள் வேண்டாம். அந்தக் கையும் வேண்டாமாம்.”

சாப்பிட வரச்சொன்னதை மட்டும் வீட்டில் சொன்னேன். அடுத்தநாளே அப்பா தன் ஒரேயொரு வெள்ளைச் சேட்டைத் தோய்த்துப் போட்டார். அம்மா அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். “வடிவாச் செய்” என்றாள்.

வடிவாகத்தான் செய்தேன். அப்பாவின் உடம்பை நேர்கோடு வைத்துச் சுத்தமாக வெட்டி எடுத்தேன். தோளுக்கு அப்பால் நின்ற கைக்கு மட்டும் மென்மையான அழிப்பானைப் பிடித்தேன். அது ஓரம் தெரியாமல் பூப்போல அழிக்கும். (முழுதாக அழிக்காது. பென்சில் கோட்டைத் துடைத்த தாள்போல, கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை விட்டுவைக்கும். இதை நான் பிறகு படித்தேன்.) பின்னணிக்கு வெளிர்நீல வானம், இரண்டு மேகம், ஒரு குத்துவிளக்கு. நடுவில் பெரியப்பா.

இனி நிழல். போட்டேன், தெரியவில்லை. ஆறடி பனர் முழுவதையும் திரையில் ஒரு சாண் அகலத்துக்குச் சுருக்கி வைத்துக்கொண்டு பார்த்தால் எப்படித் தெரியும்? எனக்கு அது தோன்றவில்லை. தூரத்தைக் கூட்டினேன். கறுப்பைக் கூட்டினேன். கடைசியாகப் பரவலைப் பிடித்து எழுபதுக்கு இழுத்தேன். நிழல் ‘பளிச்’ என்று வந்தது. கூடவே தோளுக்குப் பக்கத்தில் ஓர் அழுக்கும் வந்தது.

திரையைச் சேட்டு நுனியால் துடைத்தேன். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தேன். போகவில்லை. பழைய திரை, அப்படித்தான் என்று முடிவு செய்து கோப்பைப் பென்டிரைவில் ஏற்றினேன்.

பரவல் என்ற அந்த ஸ்லைடர் செய்வது இதைத்தான்: கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலத்தையும் முழுப்பொருளாக எண்ணி அதற்கும் கெட்டியான நிழல் போடும். நான் அழித்த கையை மென்பொருள் மறக்கவில்லை.

பனர் அடிப்பவர் கிண்ணியாவைச் சேர்ந்த நவ்பல் நானா. துறைமுகப் பக்கமாக ஒரு சின்னக் கடை, பெரிய இயந்திரம். கோப்பைத் திறந்ததும் கண்ணாடியை மூக்கில் இறக்கினார்.

“தம்பி, தோளடியில என்னவோ கிடக்கே. பெரிசாக்கிப் பாப்பமா?”

“அது எஃபெக்ட், நானா.”

“ஒருக்காப் பாத்தா என்ன குறைஞ்சிடும்?”

“நான் பத்திரிகையில வேலை, நானா. நீங்கள் அடியுங்கோ.”

“அப்ப சரி” என்றார். “பத்திரிகைக்காரர் பிழை விடமாட்டினம்தானே.” அவர் சிரிக்காமல் சொன்னதால் நானும் தலையாட்டினேன். சுருட்டிய பனரை விரித்துப் பார்க்காமலே அக்காவிடம் கொடுத்தனுப்பினேன்.

முப்பத்தோராம் நாள் காலை ஒன்பது மணிக்கு உப்புவெளியில் பஸ்ஸால் இறங்கினேன். பெரியப்பா வீட்டுக்குப் போகும் ஒழுங்கையின் முகப்பில் இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவே பனரைக் கட்டியிருந்தார்கள். கீழே மூன்று ஓட்டோக்காரர்கள் அண்ணாந்து நின்றார்கள்.

“தம்பி, பெரியவர் டாட்டா காட்டுறார்!”

“அவற்ற ரெண்டு கையும் கீழ கிடக்கடா. இது மூண்டாவது.”

“பின்னுக்கு ஆரோ ஒளிச்சு நிக்கிறாங்கள்.”

பெரியப்பா வானத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது தோளுக்கு அப்பால், மேகத்தின் மேல், கரிக்கட்டையால் வரைந்ததுபோல ஒரு கை விரல்களை விரித்துக்கொண்டு நின்றது. கைக்குச் சொந்தக்காரர் இல்லை. வெறும் நிழல், ஒரு முறம் அளவில். விரல்களை எண்ணினேன். நான்கரை.

ஒழுங்கையால் ஓடினேன். அக்கா கிணற்றடியில் நின்றாள்.

“பாத்தனான்” என்றாள். “அம்மா இன்னும் வெளியில வரேல்லை. சித்தப்பா வரமுதல் கழட்டு.”

கழற்ற ஏணி வேண்டும். ஏணி நான்கு வீடு தள்ளி ஒருவரிடம் இருந்தது. அவர் கோயிலுக்குப் போயிருந்தார். அவர் மத்தியானத்துக்குக் கிட்ட வந்து, திறப்பைத் தேடி, கொட்டிலைத் திறந்து, ஏணியை எடுத்து, நான் ஒரு முனையும் அவர் மறுமுனையுமாக ஒழுங்கை முகப்புக்கு வந்தபோது, அப்பாவின் சைக்கிள் மின்கம்பத்தில் சாய்ந்திருந்தது. அப்பா வெள்ளைச் சேட்டோடு பனரைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கவில்லை. சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு வீட்டை நோக்கி நடந்தார்.

நான் ஏணியைப் போட்டுவிட்டுப் பின்னால் போனேன். (ஏணிக்காரர் என்னைத் திட்டியது ஒழுங்கை முழுக்கக் கேட்டது.)

படையல் முடிந்து பந்தி தொடங்கியிருந்தது. கூடத்தில் ஐம்பது பேர் இருந்திருப்பார்கள். ஒன்பது வருடத்துக்குப் பிறகு வாசலில் அப்பாவைக் கண்டதும் கதை நின்றது. சுவரில் சாய்ந்திருந்த பெரியம்மா, “இரு” என்றா. அவ்வளவுதான். அப்பா இருந்தார். இலை போட்டார்கள். சோறு வந்தது, பருப்பு வந்தது. இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு தலையை நிமிர்த்தினார்.

“மச்சாள், என்ர கையை அண்ணையோட விட்டிருக்கிறீங்கள். எனக்கு அது போதும்.”

அவர் அழுததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பெரியம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பனரை அவ இன்னும் பார்க்கவில்லையே. அப்பாவைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா.

இந்த இடத்தில் நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. வாயை மூடிக்கொண்டு நிற்பது. ஏணிக்காரர்கூட அதைச் செய்திருப்பார். ஆனால் பிழை நேர்ந்தால் அதை உடனே, தெளிவாக, காரணத்தோடு வெளியிட வேண்டும் என்று பத்திரிகையில் எனக்குப் பழக்கியிருந்தார்கள்.

“இல்லை அப்பா, அது பிழை” என்றேன். “பரவலை எழுபதில வைச்சிட்டன். பூச்சியத்தில வைச்சிருந்தா கை தெரிஞ்சிராது. நான் அழிச்சனான். பெரியம்மா சொன்னமாதிரியே முழுக்க அழிச்சனான்.”

கூடத்தில் ஒரு கரண்டி எங்கோ சட்டியில் தட்டியது.

அப்பா இலையைப் பார்த்தார். மெதுவாக மடித்தார். எழுந்து போய்க் கையைக் கழுவினார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, திரும்பாமலே, “சாப்பாடு நல்லா இருந்தது, மச்சாள்” என்றார். இரண்டு வாய்ச் சாப்பாடு.

பெரியம்மா எழும்பினா. ஒரு மாதமாக வாசலைத் தாண்டாதவ ஒழுங்கை முகப்புவரை நடந்தா. நாங்கள் பின்னால் போனோம். அப்பாவும் சைக்கிளும் போய்விட்டிருந்தன. ஓட்டோக்காரர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு விலகி நின்றார்கள். அவ பனரை அண்ணாந்து பார்த்தா. முகத்தைப் பார்த்தாவா, கையைப் பார்த்தாவா என்று என்னால் சொல்ல முடியாது.

“உந்தக் கைக்குப் பதிலா ஒரு மாசம் நான் தீத்தினனான்” என்றா. பிறகு என் பக்கம் திரும்பினா. “நீயோ அழிச்சனீ?”

“ஓம், பெரியம்மா.”

“ஆர் அழிக்கச் சொன்னது?”

“நீங்கள்தானே...”

“நான் சொன்னா? பெத்த தகப்பன்ர கையை அழிப்பியோ நீ?”



அதிலிருந்து மூன்றாம் நாள், பரவலைப் பூச்சியமாக்கி, கை ஒரு துளியும் இல்லாமல், நவ்பல் நானாவிடம் புதிய பனர் அடித்துக்கொண்டு போனேன். (இந்தமுறை அவர் என்னைக் கேட்காமலே பெரிசாக்கிப் பார்த்தார். “இப்ப கை இல்லை, தம்பி. ஆளும் தனிச்சுப் போனார்” என்றார்.) பெரியம்மா அதை விரிக்கவும் விடவில்லை. “கட்டினது அப்படியே கிடக்கட்டும்” என்றா.

ஆகவே அது கிடந்தது. வழக்கமாக இப்படிப்பட்ட பனர் ஒரு கிழமையில் இறங்கிவிடும். இது இறங்கவில்லை. கடற்கரை வெயிலில் முதலில் மஞ்சள் போனது, பிறகு சிவப்பு. வானம் வெளுத்தது. பெரியப்பாவின் சிரிப்பு வெளுத்தது. கறுப்பு மை மட்டும் வெயிலுக்கு இலேசில் போகாது. ஏழெட்டு மாதத்தில், ஏறக்குறைய வெறுமையாகிவிட்ட துணியில் அந்தக் கை மட்டும் தெளிவாக நின்றது. மாரி தொடங்கியபோது பெரியம்மா பனரைக் கழற்றுவித்து விறகு நனையாமல் படங்காகப் போட்டா, கைப்பக்கம் மேலே இருக்கும்படி.

அப்பா அதன்பின் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. நான் அதைச் சரிசெய்ய மூன்று தடவை முயன்றேன். மூன்று தடவையும் விளக்கம் சொல்லத் தொடங்கி, அம்மாவால் நிறுத்தப்பட்டேன். ஆனால் பனர் தொங்கிய மாதங்களில் அவர் மீன் வாங்க உப்புவெளிக்குப் போகத் தொடங்கினார். (எங்கள் வீட்டிலிருந்து நூறு அடியில் மீன் சந்தை இருக்கிறது.) போகும்போது ஒழுங்கை முகப்பில் சைக்கிளை நிறுத்தாமலே ஒரு கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போவாராம். ஓட்டோக்காரர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பெரியம்மாவுக்கும் அவர்கள்தான் சொன்னார்களாம். அந்தத் தைப்பொங்கலுக்கு அக்காவின் கையில் ஒரு சட்டி பொங்கல் வந்தது. அப்பா சட்டியைக் கழுவித் திருப்பியனுப்பினார். அவர்கள் இருவருக்கும் நடுவில் அதற்குமேல் இன்றுவரை ஒன்றும் இல்லை.

எங்கள் வீட்டில் இப்போது யாராவது தேவையில்லாத உண்மை ஒன்றைச் சொல்ல வாயெடுத்தால், “பரவலைக் குறை” என்பார்கள். என் மனைவிகூடச் சொல்கிறாள். கலியாணமாகி வந்த முதல் கிழமையிலேயே சுகந்தி அக்கா முழுக்கதையையும் அவளுக்குச் சொல்லிவிட்டாள், ஏணிக்காரரின் வசவு உட்பட.

இன்னொன்றும் உண்டு. எங்கள் பிள்ளைகளும் அக்காவின் பிள்ளைகளும் விடைபெறும்போது மோதிரவிரலைப் பாதி மடக்கிக்கொண்டுதான் கை காட்டுவார்கள். ஏன் என்று எங்கள் சின்னவனுக்குத் தெரியாது. எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று நினைக்கிறான். பள்ளிக்கூட வாசலில் நின்று அவன் விரலை மடக்கிக் காட்ட, அவனைக் கொண்டுபோய் விடும் என் அப்பா சைக்கிளில் இருந்தபடி திருப்பிக் காட்டுவார். அவர் மடக்கத் தேவையில்லை.