சட்டன்காரருக்கு ஒரு முயல்

"தோலை ஆர் உரிக்கிறது?"

"நான்தான்."

"எங்கை வைச்சு?"

"குளிக்கிற தொட்டிக்கை."

"அதுக்குப் பிறகு நான் எதுக்கை குளிக்கிறது?"

யோகராஜா கத்தியைத் தீட்டத் தொடங்கினார். சமையலறை சிங்கில் காட்டு முயல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதன் நீண்ட பின்னங்கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. இரவு பஸ்ஸில் இறங்குமிடம் தாண்டித் தூங்கிவிட்ட ஒருவரைப் போல இருந்தது. சந்தையில் விற்றவன் உரித்துத் தரட்டுமா என்று கேட்கத்தான் செய்தான். ஒன்றும் தெரியாத ஆள் என்று நினைத்துவிடுவானோ என்று பயந்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"வாற ஆளுக்கு ஒரு கோழியைக் காய்ச்சிக் குடுத்தா என்ன?" மனைவி சிவரூபினி விடுவதாக இல்லை.

"அவருக்கு முயல் எண்டா உயிராம். கஜந்தினி சொன்னவ."

"கஜந்தினிக்கு அவர் சொன்னவரோ?"

"கஜந்தினி சொன்னா அவர் சொன்ன மாதிரித்தான்."

கஜந்தினி இல்ஃபோர்டில் மரக்கறிக் கடை வைத்திருப்பவள். வெண்டிக்காய் நிறுக்கிற நேரத்துக்குள் ஒரு கலியாணத்தைப் பேசி முடித்துவிடுவாள் என்று பெயர். நகரத்தின் மறுகோடியில், சட்டனில் தயாபரன் என்று ஒருவர் இருக்கிறார், அவரும் ஊரில் நடந்த கடைசிச் சண்டைக்குள் நின்று வந்தவர், உங்கள் தம்பியைப் பற்றி அவருக்கு ஏதோ தெரியும்போல் இருக்கிறது, உங்களோடு கதைக்க வேண்டுமாம் என்று அவள்தான் வந்து சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வரச்சொல்லு என்று யோகராஜா சொன்னபோது, கையிலிருந்த தக்காளிப்பழம் நசிந்துபோயிருந்தது.

தம்பியின் பெயர் நிமலன். அந்தச் சண்டையிலிருந்து தப்பி, வட்டுவாகல் பாலத்தில் சனத்தோடு சனமாக வந்துகொண்டிருந்தபோது யோகராஜாவின் கையில் அவனுடைய கை இருந்தது. பிறகு இருக்கவில்லை. அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

வீட்டில் அவனுடைய படம் ஒன்று இருந்தது. அதற்கு மாலை போட்டால் அவன் இல்லை என்று ஆகிவிடும். போடாவிட்டால் இருக்கிறான் என்று ஆகும். சாமிப் படங்களுக்குப் பக்கத்திலும் இல்லாமல், குடும்பப் படங்களுக்கு நடுவிலும் இல்லாமல், முன்னறையில் லைட் சுவிட்சுக்கு மேலே நிமலன் தனியாகத் தொங்கினான். ஒருமுறை சிவரூபினி அதன்முன் ஒரு பூவை வைத்தாள். யோகராஜா பூவை எடுத்துத் தண்ணீர்க் கிளாசில் போட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். இன்றைக்கு மத்தியானத்தோடு அதற்கு ஒரு முடிவு வந்துவிடும்.

முயல் உரிப்பதை அவர் வீடியோவில் பார்த்து வைத்திருந்தார். அதில் ஒரு ஸ்காட்லாந்துக் கிழவர் குழந்தைக்குச் சட்டை கழற்றுவதுபோல ஒரே இழுப்பில் கழற்றினார். யோகராஜாவின் முயலுக்குச் சட்டை கழுத்தில் சிக்கிக்கொண்டது. பலமாக இழுத்தார். மயிர் பறந்தது. தண்ணீரைத் திறந்துவிட்டார். மயிர் முழுவதும் போய்த் தொட்டியின் ஓட்டையை அடைத்தது. அடைப்பெடுக்கிற ரப்பரைத் தேடி அவர் வீடு முழுக்க அலைந்த நேரத்தில் தொட்டி நிறைந்து வழிந்தது.

கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு சேஷாத்ரி நின்றார். கும்பகோணத்துக்காரர், கம்ப்யூட்டரில் வேலை, முட்டைகூடத் தொடாதவர்.

"சார், எங்க கிச்சன்ல தண்ணி சொட்டுது."

"பைப் அடைச்சுப் போச்சு. இப்ப சரிவந்திடும்."

சேஷாத்ரியின் பார்வை அவருடைய தோளைத் தாண்டி, நடையில் இருந்த வாளிக்குப் போனது. அதற்குள்ளிருந்து இரண்டு காதுகள் எட்டிப் பார்த்தன.

"அது யாரு சார்?"

"விருந்தாளிக்கு," என்றார் யோகராஜா.

சேஷாத்ரி படியிறங்கிப் போனார். சற்று நேரத்தில் கீழிருந்து சாம்பிராணிப் புகை படியேறி வந்தது.

இறைச்சியை வெட்டியபோது ஈரமண்ணும் இரும்பும் கலந்த ஒரு வாசம் எழுந்தது. அதைப் போக்க வினாகிரியில் ஊறவைத்தார். வாசம் போகவில்லை, இறைச்சி சப்பாத்துத் தோல்போல இறுகியது. பிரஷர் குக்கரில் போட்டார். எலும்புகள் முதலில் தோற்றுப்போய் நொறுங்கின. இறைச்சி மட்டும் அசையவில்லை. வாசத்தை அமுக்க இன்னும் இரண்டு கரண்டி மிளகாய்த்தூள் போட்டார். உறைப்பைக் குறைக்கத் தேங்காய்ப்பால் விட்டார். வினாகிரி பட்டதும் பால் திரைந்தது. திரைந்ததைச் சரிசெய்ய நெருப்பைக் கூட்டினார். அடி பிடித்து, புகை அலாரம் கத்தத் தொடங்கியது. வீடு கூட்டுகிற தும்புத்தடியால் அதைத் தட்டி விழுத்தி, படுக்கையறைத் தலையணைகளுக்கு அடியில் வைத்து மூடினார். அங்கேயும் அது நிறுத்தாமல் அழுதது.

யோகராஜா சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நிமலன் எண்டா, இதை ஒரு சிகரெட் முடியிறதுக்கிடையிலை செய்து வைச்சிருப்பான்."

சிவரூபினி காலையிலிருந்து சொல்வதற்கு நிறைய வைத்திருந்தாள். அவருடைய கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு அடுப்பைத் தணித்தாள். கறியை வேறு சட்டிக்கு மாற்றி உருளைக்கிழங்கு போட்டாள்.

தயாபரன் சொன்ன நேரத்துக்கு முன்னமே வந்துவிட்டார். மெலிந்த மனிதர், யோகராஜாவைவிட இளையவர். நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்போல கோட் போட்டிருந்தார். ஒரு கையில் திராட்சைப்பழமும் அப்பிளும், மறு கையில் பெரிய கேக் பெட்டி. எவ்வளவு சொல்லியும் சோபாவில் வசதியாகச் சாயவில்லை. படத்துக்கு முதுகைக் காட்டியபடி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

யோகராஜா சமையலறைக்குள் வந்து மெல்லச் சொன்னார்: "படத்தைப் பாக்கிறார் இல்லை."

"காணேல்லையாக்கும்."

"கண்டவர். கண்டுபோட்டுத்தான் திரும்பி இருக்கிறார். பாக்கப் பயப்பிடுறார், ரூபி."

சிவரூபினியின் கை சேலைத் தலைப்போடு வாய்க்குப் போனது. அப்படியே இப்போதே கேட்டுவிடுங்கள் என்றாள். அவர் தலையை ஆட்டினார். சட்டனிலிருந்து இவ்வளவு தூரம் வந்த மனிதரிடம் வெறும் வயிற்றோடு அதைக் கேட்க முடியாது. அவர் சாப்பிட்டு முடியட்டும்.

சாப்பாடு தொடங்கியது. மூன்று பேரும் காலநிலையைப் பற்றிக் கதைத்தார்கள். ரயில் தாமதத்தைப் பற்றிக் கதைத்தார்கள். தயாபரன் கறியை வாயில் வைத்து மென்றார். மென்றுகொண்டே இருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. மிளகாய்த்தூளைத் தானே கொட்டியதை யோகராஜா மறந்துபோனார். தம்பியை நினைத்துத்தான் மனிதர் அழுகிறார் என்று நினைத்து, அவருக்கும் கண் நிறைந்தது. ஆறுதலாக இன்னும் ஒரு கரண்டி போட்டார்.

"போதும் அண்ணை."

"உங்களுக்கு விருப்பம் எண்டுதானே முயல் வாங்கினது."

"ஓமோ? முயல் நான் சாப்பிடுறது இதுதான் முதல் தரம்."

சிவரூபினி கணவனைப் பார்த்தாள். யோகராஜா சோற்றைப் பார்த்தார். கஜந்தினி சாப்பாட்டு விசயத்தில்தான் பிழை விட்டிருக்கிறாள் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அப்போது தயாபரனின் வாய்க்குள் ஏதோ கடக்கென்று ஒலித்தது. அவர் மெல்லுவதை நிறுத்தினார். இரண்டு விரல்களால் அதை எடுத்துச் சாப்பாட்டுக் கோப்பையின் விளிம்பில் வைத்தார். கடுகைவிடச் சற்றுப் பெரிய, கறுத்த ஈயக் குண்டு.

படுக்கையறையில் தலையணைகளுக்கு அடியிலிருந்து அலாரம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது.

"வேட்டையிலை சுட்டது, தம்பி," என்றார் யோகராஜா. "நான் எல்லாத்தையும் எடுத்துப்போட்டன் எண்டு நினைச்சன்."

"பரவாயில்லை அண்ணை. சின்னன்தானே."

அவர் மிச்சத்தையும் சாப்பிட்டார். ஒரு துண்டுகூட மிச்சம் விடவில்லை. அந்த மரியாதை யோகராஜாவைப் பயமுறுத்தியது. இவ்வளவு நல்ல மனிதர் இவ்வளவு பொறுமையோடு சுமந்து வந்திருக்கிற செய்தி நல்லதாக இருக்க முடியாது.

கை கழுவி வந்ததும் சிவரூபினி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். வழக்கமாக உள்ளே போய்விடுகிறவள், இன்று கணவனின் பக்கத்தில் உட்கார்ந்தாள். யோகராஜா ஒரு கிழமையாக வேலைக்குப் போகும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்து, கேள்வியை ஒரே சொல்லாகச் சுருக்கி வைத்திருந்தார். இருக்கிறானோ? அவ்வளவுதான். வாயைத் திறந்தார்.

தயாபரன் முந்திக்கொண்டார். முழங்கால்களுக்கு நடுவே கைகளைக் கோத்திருந்தார். கேக் பெட்டி மேசையில் பிரிக்கப்படாமல் இருந்தது.

"அண்ணை, நீங்களும் அக்காவும் என்னைச் சாப்பிட வைச்சுப்போட்டுச் சொல்லுவம் எண்டுதான் இவ்வளவு நேரமும் இருக்கிறியள். எனக்கு விளங்குது. உங்களுக்கு ஏதோ தெரியுமெண்டு கஜந்தினி அக்கா சொன்னதிலை இருந்து எனக்கு நித்திரை இல்லை. நல்லதோ கெட்டதோ, ஒண்டையும் ஒளிக்காமச் சொல்லுங்கோ அண்ணை. என்ரை தங்கச்சியை நீங்கள் கடைசியாக் கண்டது எவடத்திலை?"