வெட்ட மறுத்த சம்பந்தியும் பதினேழாவது ஆட்டமும்

மதிப்பிற்குரிய கிராண்ட்மாஸ்டர் ஐயா அவர்களுக்கு,

ராஜபாளையத்திலிருந்து ஓய்வுபெற்ற மில் சூப்பர்வைசர் ஜெபதுரை எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே அனைவரும் சுகம். உங்கள் சுகத்துக்கும் உங்கள் காய்களின் சுகத்துக்கும் ஜெபிக்கிறோம்.

உங்கள் 'தாக்குதல் ஆட்டங்கள்' செஸ் நூலை மூன்று தடவை படித்துவிட்டேன். ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. பதினேழாவது ஆட்டத்தில் நீங்கள் குதிரையைக் கொடுக்கிறீர்கள், எதிராளி உடனே வெட்டுகிறார். வெட்டாவிட்டால் என்ன செய்வீர்கள்?

ஏன் கேட்கிறேனென்றால், போன ஞாயிறு என் மகள் எலினாவைப் பெண் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஞானதுரை குடும்பத்தோடு வந்தார். அவர் மகன் ரிச்சர்டை எலினாவுக்குப் பிடித்துப்போயிற்று. இந்த இடம் தட்டிப்போகக் கூடாதே என்று எனக்கு ஒரே கவலை. பேச்சு முடியாமல் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள் அல்லவா, கேசரி வைத்தபடி இருக்க, பெண்கள் உள்ளே பேசப் போக, ஞானதுரை செஸ் போர்டைப் பார்த்து "ஒரு ஆட்டம் போடுவமா?" என்றார். எனக்குக் கை துறுதுறுத்தது. உங்களை நினைத்துக்கொண்டு குதிரையை நீட்டினேன். மனுஷன் தொடவில்லை. "இருக்கட்டும்ங்க. முடிவாகாம உங்க வீட்டுல ஒண்ணும் எடுக்கப்படாது" என்று சிப்பாயை நகர்த்துகிறார். யானையை நீட்டினேன், அதுவும் வேண்டாமாம். சரி, நாமாவது வெட்டுவோமென்று அவர் சிப்பாய் ஒன்றை எடுத்தால், கதவோரம் நின்ற என் மனைவி சந்தனமேரி, "பொண்ணு குடுக்கப்போற எடத்துல இப்படியா வெட்டுவிய?" என்று முறைக்கிறாள். எடுத்ததைத் திருப்பி வைத்தேன். பொறவு ரெண்டு பேரும் எதையும் வெட்டாம சும்மா நகர்த்துறோம், போர்டுல கிருஷ்ணன்கோவில் காலேஜ் பஸ் மாதிரி நெரிசல்.

காபி கொண்டுவந்த எலினா செத்த நேரம் போர்டையே பார்த்தாள். "மாமா, அந்தக் குதிரைய எடுங்க. நம்ம வீடுதான" என்றாள். ஞானதுரை சிரிச்ச சிரிப்பு இருக்கே! "புள்ளையே சொல்லிட்டா, இனி என்ன பேச்சு" என்று குதிரையை வெட்டினார், கையோடு கேசரியையும் எடுத்தார். மே மாசம் கல்யாணம்.

எனக்குச் சந்தோஷந்தான். ஆனா பெத்த மக ஒரே நாள்ல அந்தப் பக்கம் சாஞ்சுட்டாளேன்னு இருந்துச்சு. மேற்கொண்டு ஆடாம, ராஜாவைப் படுக்க வச்சுத் தோத்தேன்னு கை குடுத்துட்டேன்.

ஆகவே, வெட்டாத எதிராளியை எப்படித் தாக்குவது என்று அடுத்த பதிப்பில் ஒரு பக்கமாவது எழுதுங்கள். மகள் எதிராளிக்கு மூவ் சொல்லிக்கொடுத்தால் விதிப்படி என்ன தண்டனை என்பதையும் சேருங்கள்.

கர்த்தர் உங்களையும் உங்கள் கடிகாரத்தையும் ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
தோற்றுப்போன தகப்பன்,
சா. ஜெபதுரை

பி.கு.: தபாலில் போடுமுன் எலினா இதைப் படித்துவிட்டு, காய்களை அன்றிருந்தபடியே அடுக்கிக் காட்டினாள். ஞானதுரை குதிரையை எடுத்த மறு மூவில் என் ராணி உள்ளே போகிறது, மூன்றாவது மூவில் அவர் ராஜாவுக்கு மேட்! "ஒங்களுக்காகத்தாம்ப்பா எடுக்கச் சொன்னேன். நீங்க ஏம்ப்பா ராஜாவைச் சாச்சிய?" என்கிறாள். கண் நிறைந்துவிட்டது ஐயா. ஞானதுரையோ ஸ்ரீவில்லிபுத்தூர் முழுக்க ஜெயித்த கதையைச் சொல்லித் திரிகிறாராம். கல்யாணம் முடியும்வரை இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டிவிடாதீர்கள்.