குளிர்கடல் ஒலி மையம், ஏழாவது மாடி, பிரிக்ஃபீல்ட்ஸ்

பிரிக்ஃபீல்ட்ஸில் கடல் கிடையாது. கடலைப் பார்க்க வேண்டுமானால் கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளான் துறைமுகம் வரை போக வேண்டும். அங்கே இருப்பதும் காலைக் குளியலுக்குக் காய்ச்சி வைத்த மாதிரி வெதுவெதுப்பான கடல். ஆனாலும் வடதுருவக் கடலுக்கு அடியில் சத்தம் எப்படிப் பயணம் செய்கிறது என்று கணக்கிட்டுக் காட்டும் தேசிய மையம் பிரிக்ஃபீல்ட்ஸில்தான், ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேலே, சீரும் சிறப்புமாக இயங்கி வந்தது. இதற்கெல்லாம் காரணம் உஷாராணி. பாவம், அவள் கேட்டது வேறு.

உஷாராணி ஒலியியல் படித்தவள். அரசாங்க இரைச்சல் கட்டுப்பாட்டுப் பிரிவில் ஒப்பந்த வேலை. கணவன் லோகனைத் தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலையில் ஆள்குறைப்பில் அனுப்பிவிட்டதிலிருந்து வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான். அலுவலகத்தில் அவள் தலைக்கு மேலே ஒரு குளிர்சாதனப் பெட்டி, ஏர்கோன், இருந்தது. சுமை ஏற்றிய லோரி மேடு ஏறுவது போல் அது முக்கிக்கொண்டே இருக்கும். இரைச்சலைக் கட்டுப்படுத்தும் அலுவலகத்தில் ஆளாளுக்குக் கத்தித்தான் பேசிக்கொண்டார்கள்.

பொறுக்க மாட்டாமல் அவள் மேலிடத்துக்கு மலாயில் ஒரு புகார் தட்டிவிட்டாள். ஏர்கோன் குளிரும் தாங்கவில்லை, சத்தமும் தாங்கவில்லை என்று. அவசரத்தில் 'ஏர்கோன்' என்பதில் 'கோன்' விடுபட்டுப் போயிற்று. மிஞ்சிய மூன்று ஆங்கில எழுத்தை வெள்ளைக்காரன் படித்தால் 'ஏர்', காற்று. நம் நாட்டு அதிகாரி படித்தால் மலாய் 'ஆயேர்', தண்ணீர்.

குளிர்ந்த தண்ணீரின் சத்தம் பொதுமக்களை வாட்டுகிறது என்று மேலிடம் கவலை கொண்டது. உடனே உயர்மட்டக் குழு கூடி ஆழ்ந்து ஆராய்ந்தது. ஐஸ் பெட்டியில் இருக்கும் தண்ணீர் உணவுத் துறைக்குச் சொந்தம். மலையருவித் தண்ணீர் வனத்துறைக்குச் சொந்தம். எந்தத் துறையும் உரிமை கொண்டாடாத குளிர்ந்த தண்ணீர் துருவக் கடலில் மட்டுமே இருப்பதாகக் கண்டறியப்பட்டது. ஆகவே அதே அலுவலகத்தில், அதே ஏர்கோனுக்கு அடியில், மையம் உதயமானது.

"கங்கிராட்ஸ் லா, உஷா!" என்று கத்தினார் இயக்குநர் டத்தோ கமலநாதன். "நீ கேட்டத மேல செஞ்சு குடுத்துட்டாங்க!"

"டத்தோ, நான் இந்த ஏர்கோனத்தான் சொன்னேன்! ஒரு ஆளு வந்து ஸ்க்ரூ முடுக்கினா போதும்!"

"ஸ்க்ரூவுக்கு பட்ஜெட் இல்ல. கடலுக்கு இருக்கு."

"தப்பா படிச்சிட்டாங்கன்னு சொல்லிரலாமே?"

"படிச்சது யாரு? துறைக்கே பெரிய தலைவரு, தான் ஸ்ரீ. அவரு தப்பா படிப்பாரா? நீ தப்பா எழுதியிருக்க. தப்பா எழுதுறவங்களுக்குக் கான்ட்ராக் ரினியூ பண்றது கஷ்டம்லா."

உஷாராணி தன் மேசைக்குத் திரும்பினாள். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் உண்மைக்குக் கொஞ்சம் இடம் குறைவு.

குளிரை நேரில் கண்டறிய டத்தோ தம் மனைவியோடு நோர்வே போய்வந்தார். கணக்குப் போட வேண்டியவள் உஷாராணி. ஆனால் ஒப்பந்த ஊழியர்களுக்குக் குளிர் அனுமதிக்கப்படவில்லை. அதற்கு ஈடாக, ஆராய்ச்சிக்கு உகந்த சூழல் வேண்டுமென்று ஏர்கோன் பதினாறு டிகிரிக்கு இறக்கப்பட்டது. சத்தம் இரண்டு மடங்காயிற்று.

ஊழியர்கள் பனிக்கோட்டு மாட்டிக்கொண்டார்கள். வியாழக்கிழமை பாத்தேக் பூச்சட்டை உடுத்த வேண்டும் என்பது விதியாகையால், அன்றைக்குக் கோட்டின் மேல் பாத்தேக்கை இழுத்து மாட்டிக்கொண்டார்கள். கோட்டைக் கழற்றாமலே கீழே சாப்பிட வந்தார்கள். நடுவெயிலில் வேர்த்துக் கொட்டியபடி ரசம் குடிக்கும் அந்தப் பெரிய மனிதர்களைப் பார்த்து ஊருக்கும் ஆசை வந்துவிட்டது. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் 'துருவ நீலம்' என்று ஒரு சேலை வந்தது. கம்பளிச் சால்வையோடு கட்டினால்தான் எடுப்பாம். அந்த வருடத்துக் கல்யாணங்களில் நான்கைந்து பேராவது மயங்கி விழுந்தார்கள். நாகரிகம் என்று வந்துவிட்டால் அதையெல்லாம் பார்க்க முடியுமா?

இத்தனை கூத்துக்கு நடுவே உஷாராணி மட்டும் நிஜமாகவே வேலை செய்தாள். அவளுக்கு அந்தக் கணக்கு பிடித்துப் போயிருந்தது. அதுதான் கொடுமை.

தான் ஸ்ரீ பார்வையிட வந்தார். டத்தோ முந்திக்கொண்டு தேசத்தின் குளிர்ப் பாரம்பரியம் பற்றி முழங்கினார். ஏர்கோன் சத்தத்தில் ஒரு வார்த்தையும் விளங்கவில்லை, எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு உஷாராணி திரையில் ஒரு வளைகோட்டைக் காட்டித் தொண்டை கிழியக் கத்தினாள். தான் ஸ்ரீயும் தமிழர்தான்.

"சத்தத்துக்கு ஒரு குணம் தான் ஸ்ரீ! எங்க மெதுவா போகுமோ அந்தப் பக்கமே வளையும்! துருவக் கடல்ல மேல்தண்ணிதான் ரொம்பக் குளிரு, அங்கதான் சத்தம் மெதுவா போகும். அதனால கீழ அனுப்பினாலும் வளைஞ்சு மேல வந்துரும். ஐஸ்ல முட்டும், கீழ போகும், மறுபடி மேலயே வரும். இப்படி முட்டி முட்டியே ரொம்ப தூரம் போகும். போற வழியில ஐஸோட கரடுமுரடு கொஞ்சம் கொஞ்சமா அதத் தின்னுரும்!"

தான் ஸ்ரீ சற்று யோசித்தார். "நம்ம ஆபீஸ் ஃபைல் மாதிரி இல்ல?"

"அச்சு அசல் தான் ஸ்ரீ!"

அவர் மகிழ்ந்து போனார். முப்பது வருட உத்தியோகத்தில் அவருக்கு முதன்முதலாக ஒரு விஞ்ஞானம் புரிந்திருந்தது. "இன்னும் நல்லா ஆராய்ச்சி பண்ண உனக்கு என்னம்மா வேணும்?"

உஷாராணி ஒருகணம் டத்தோவைப் பார்த்தாள். டத்தோ கண்ணாலேயே ஒப்பந்தத்தை ஞாபகப்படுத்தினார். ஆனாலும் இத்தனை நாள் வலித்த காது அவளுக்காகப் பேசிவிட்டது.

"அமைதி வேணும் தான் ஸ்ரீ. இந்த ஏர்கோன நிறுத்தணும்."

"அவ்வளவுதானே?" தான் ஸ்ரீ கையசைத்தார். ஏர்கோன் நின்றது. அவரும் கிளம்பிப் போனார்.

உஷாராணிக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. உடனே லோகனுக்குப் போன் போட்டாள். பழகிய தொண்டை பழகியபடியே பேசிற்று.

"லோகன்! நிறுத்திட்டாங்க! அந்த மரமண்டை டத்தோ மூஞ்சியப் பாக்கணுமே! நோர்வே போனதத் தவிர அந்த ஆளுக்கு ஒண்ணுமே தெரியாது லா!"

சொல்லி முடித்தபின்தான் தன் குரல் சுவரில் பட்டுத் திரும்புவது அவள் காதில் விழுந்தது. அலுவலகமே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதே நேரம் டத்தோ தம் கண்ணாடி அறையில் யாரிடமோ போனில் பேசுவது கணீரென்று கேட்டது.

"போயிட்டாரு அண்ணே! தான் ஸ்ரீக்குக் கடலும் தெரியாது, கால்வாயும் தெரியாது! என் பென்ஷன் வரைக்கும் இத இப்படியே ஓட்டிட்டா போதும்!"

"பச்ச ஜாக்கெட்ல எக்ஸ்எல் இருக்கா அக்கா?" என்று கணக்குப் பிரிவு ஷார்மைன் கைப்பேசிக்குள் அலறிக்கொண்டிருந்தாள். பின்வரிசையில் யாரோ குறட்டை விட்டார்.

டத்தோ வெளியே வந்தார். ஒரே சமயத்தில் எல்லாருக்கும் எல்லாம் புரிந்தது.

டத்தோ மெல்லக் கேட்டார். "ஏர்கோன் சத்தத்துல எனக்கு ஒண்ணுமே கேக்கல உஷா. உனக்கு ஏதாச்சும் கேட்டுச்சா?"

ஏர்கோன் ஓடவில்லை. கீழ்க்கடையில் யாரோ அப்பளம் நொறுக்குவதுகூட ஏழாவது மாடிவரை கேட்டது.

"எனக்கும் ஒண்ணும் கேக்கல டத்தோ."

"எனக்கும்" என்றாள் ஷார்மைன், யாரும் கேட்காமலே.

டத்தோ பேனாவை எடுத்தார். உஷாராணியின் ஒப்பந்தம் நின்ற இடத்திலேயே புதுப்பிக்கப்பட்டது. ஆனால் இனிமேல் யார் எது சொன்னாலும் எல்லாருக்கும் கேட்கும். பேசவும் பயம், மூச்சு விடவும் பயம்.

உஷாராணியே எழுந்து போய் ஏர்கோனைப் போட்டாள்.