பெருமாளுக்கு வேட்டி கட்டிவிட்ட கதை

பயந்தாங்கொள்ளிகள் கவிதை எழுதக் கூடாது. நான் எழுதினேன்.

அப்போது ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். வேலை நிரந்தரமா, மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊரான தொட்டியத்துக்கே திரும்புவதா என்பது திங்கட்கிழமை தெரியும். அதற்கு முந்தைய சனிக்கிழமை ஆண்டு விழா. ‘சாமி நம்ம வீட்டுக்கு வந்தா’ என்று மூன்றாம் வகுப்புக்கு ஒரு பாட்டு எழுதச் சொன்னார்கள். வீட்டில் இருக்கும் சாமி என்றதும் எனக்கு அப்பாதான் ஞாபகம் வந்தார். வாழைத்தோப்பிலிருந்து வந்ததும் கைலிக்கு மாறிவிடுவார். பாட்டில் ரொட்டியை நுழைத்தது நான் தங்கியிருந்த ஹாஸ்டல் சாப்பாட்டின் புண்ணியம்.

*கைலி கட்டிய பெருமாளு*
*காலை நீட்டி உட்கார்ந்தார்*
*ரொட்டி ரெண்டு தின்னாராம்*
*‘இன்னும் ஒண்ணு போடு’ன்னாராம்!*

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் என்னை ஒரு கவிஞர் என்று நம்பிவிட்டேன் (இரண்டு வாரம் நீடித்தது).

விழாவுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தமிழாசிரியை மங்கை வந்து என் முழங்கையைப் பிடித்தார்.

“ஏங்க, இது ஸ்ரீரங்கம்ங்க. பெருமாளுக்குப் போய்க் கைலியா? தாளாளர் நெத்தி நிறைய திருமண்ணோட முன்வரிசையில உக்காந்திருக்காருங்க!”

எட்டிப் பார்த்தேன். உட்கார்ந்திருந்தார். சிரிப்பு என்பதைக் கேள்விப்பட்டே இராத முகம். எட்டுப் பிள்ளைகளையும் மேடைக்குப் பின்னால் நிறுத்தி, “கைலி கிடையாது, வேட்டி. ரொட்டி கிடையாது, பொங்கல். சரியா?” என்றேன். ஏழு பேர் தலையாட்டினார்கள். கோதை மட்டும் ஆட்டவில்லை. நான் அதைக் கவனித்தேன். கவனித்தும் மேடையேற்றினேன்.

திரை விலகியது. ஏழு குரல், “வேட்டி கட்டிய பெருமாளு...”

மைக்குக்கு நேராக ஒரு குரல், “கைலி!”

எல்லாரும் நின்றுவிட்டார்கள். நான் ஓரத்திலிருந்து, “வேட்டி! வேட்டி!” என்று கிசுகிசுத்தேன். பக்கத்திலிருந்த இன்னொரு மைக் உயிரோடு இருந்தது எனக்குத் தெரியாது. அரங்கம் முழுக்க என் கிசுகிசு முழங்கியது.

கோதை என் பக்கம் திரும்பினாள். “தப்பு மிஸ். துலுக்க நாச்சியார்கிட்ட எழுந்தருளும்போது பெருமாள் கைலிதான் சாத்திப்பார். ரொட்டிதான் அமுது செய்வார். எங்கப்பா கோயில்லதானே கைங்கர்யம் பண்றார்!”

தாளாளர் எழுந்தார். மேடைப் படி ஒவ்வொன்றாக ஏறினார். எனக்குத் தொட்டியம் பஸ் கண்ணில் தெரிந்தது.

“குழந்தை சொல்றது வாஸ்தவம். பெருமாளைத் தேடி வந்த சுல்தான் பொண்ணுக்கு நம்ம கோயில்ல சந்நிதியே இருக்கு. அவளுக்காகத்தான் கைலியும் ரொட்டியும். வேஷ்டின்னு மாத்தினது யாரு?”

எட்டு விரல்கள் என்னைக் காட்டின. (ஒன்றாவது தயங்கியிருக்கலாம்.)

“அப்போ முதல்ல எழுதினப்போ இதெல்லாம் தெரிஞ்சுதான் எழுதினீங்களா?”

‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை நிச்சயம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் கோதை என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இல்லீங்க சார். எங்கப்பாவ நினைச்சு எழுதினேன்.”

அவர் இறங்கிப்போய் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். பிள்ளைகள் கைலியோடும் ரொட்டியோடும் பாடி முடித்தார்கள். கைதட்டல் பலமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒருவாய்ச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை கவர் வந்தது. வேலை நிரந்தரம். கீழே பச்சை மையில் ஒரு வரி: ‘இனி எதை மாற்றுவதானாலும் மூன்றாம் வகுப்பைக் கேட்டுக்கொண்டு மாற்றவும்.’

அந்தக் கடிதத்தைக் கல்யாணத்துக்குப் பிறகு கணவரிடம் காட்டியது என் அடுத்த முட்டாள்தனம். புடவை எடுத்தாலும், சாம்பாரில் புளியைக் குறைத்தாலும், “மூணாங்கிளாஸ்ல கேட்டியா?” என்பார். மாமியாரும் சேர்ந்துகொண்டார். பத்து வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

இந்த ஜூன் மாதத்திலிருந்து நிலைமை இன்னும் மோசம். என் மகள் மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். கேட்காமலே சொல்கிறாள்.